ஒற்றைக் கால் மெட்டி

நேற்று எதிர் வீட்டுப் பையன் கல்யாணம் முடித்துப் பெண்ணோடு வந்து இறங்கினான். வேப்பம்பட்டில் எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஆலம் சுற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் தெம்பாக நடமாடுவதால் வந்த பதவி இது. தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தேன். தண்ணீர் சிவந்து அந்தப் பச்சை வாசனை மேலே வந்ததும் உன் நினைவும் கூடவே வந்துவிட்டது.

லிஃப்ட் கதவு திறந்தது. பையன், பெண், பெண்ணுக்குப் பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பையனின் சிநேகிதன் ஒருவன். என் தொண்டை என்னைக் கேட்காமலே கத்தியது. "பொட்டிய வச்சிட்டு அந்தாண்ட போப்பா! தட்டு முன்னாடி நிக்காத!" அந்தப் பிள்ளை பயந்து பெட்டியைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டான். பேத்தி எடுத்த கிழவிக்கு இவ்வளவு கோபம் எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியிருக்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், கேள். எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். நான் பி.யு.சி. முடித்துவிட்டு ஆரம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்கு என் படிப்பின் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. ரயிலின் மேல்தான் விரோதம். "பொட்டப் புள்ள ஒத்தையா ரயிலேறி மெட்ராஸ் போய்க்கினு வந்துக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்?" என்பார். அந்த நேரத்தில்தான் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரரான புரொபசர், பட்டணத்திலிருந்து ஒரு யோசனையோடு வந்தார். அமெரிக்காவிலிருந்து கல்லூரிப் பெண்கள் சிலர் ஒரு வருடம் இங்கே தங்கிப் படிக்க வருகிறார்கள். ஒருத்திக்கு நெல் விளைகிற ஊரில் வீடு வேண்டும். பட்டணத்தில் வகுப்பு. ரயிலில் துணைக்கு வீட்டுப் பெண் ஒருத்தி கூடப் போக வேண்டும்.

நைனா யோசித்தார். கும்மிடிப்பூண்டி வரைக்கும் விசாரித்தாலும் வெள்ளைக்காரியை வீட்டில் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. அந்த ஒரு காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "அவ இருக்கற வரிக்கும் நீயும் காலேஜுக்குப் போ. அவ கெளம்பனா நீயும் ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்" என்றார். ஆக, முகம் பார்க்கும் முன்பே நீ எனக்கு விருந்தாளி இல்லை. என் சீசன் டிக்கெட்.

ஆடி மாதக் கடைசியில் வந்தாய். அண்ணன் எண்ணூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவனுக்கு எல்லை தாண்டி ஆந்திராவின் தடாவில் பெண் பார்த்து ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்த நேரம். கரி வண்டியின் கதவில் தலை இடிக்காமல் குனிந்து இறங்கி நிமிர்ந்தாய். நிமிர்ந்துகொண்டே இருந்தாய். அண்ணன் உன் தோளுக்குத்தான் வந்தான். உன் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாக அவன் முன்னால் நடக்க, நாம் இருவரும் பின்னால் வந்தோம். பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தான். பாதி புத்தகம், பாதி மாத்திரை என்று பிறகு தெரிந்தது.

தொரசானிக்கு ஆலம் சுற்றினால் மரியாதையாக இருக்கும் என்று நைனா சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சித்தி தட்டோடு வாசலில் நின்றாள். ஊர்க் கல்யாணங்கள் அத்தனைக்கும் ஆலம் சுற்றிய கை அவளுடையது. நீ வாசலில் போய் நின்றாய். பெட்டி பாரம் தாங்காத அண்ணன், எப்போது உள்ளே விடுவார்கள் என்று உன் பக்கத்திலேயே நின்றான். சித்தியின் வாய் தன்னால் பேசியது. "இன்னும் கொஞ்சம் சேந்து நில்லுங்க." நீங்கள் இருவரும் சேர்ந்து நின்றீர்கள். மூன்று சுற்று சுற்றி, உன் நெற்றியில் ஒரு பொட்டு, அவன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டாள். நீயும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாய். உன் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அண்ணனின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணிட்ட?"

"இன்னாக்கா, ரெண்டு பேரு நின்னாங்கோ. சுத்தனேன்" என்றாள் சித்தி.

தெரு பூராவும் பார்த்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊரின் வருத்தம் என்னவென்று நினைக்கிறாய்? நீ வெள்ளைக்காரி என்பதில்லை. "ஆடி மாசத்துலயா இஸ்துக்கினு வந்தான்? ஆவணி வரிக்கும் பொறுக்கலயா?" என்பதுதான். ஆடியில் புதுப்பெண்ணை வீட்டுக்குள் கொண்டு வரலாமா, மாமியாருக்கு ஆகுமா என்று அம்மாவைத் துக்கம் விசாரிக்கவே நாலு பேர் வந்தார்கள்.

நீ பேசாமல் இருந்திருந்தால்கூட அது அடங்கியிருக்கும். உன் புத்தகம் உன்னைச் சும்மா இருக்க விடவில்லை. தமிழர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவார்கள் என்று அதில் ஓர் அத்தியாயம். மறுநாள் உன்னைப் பார்க்க வந்த கிழவிகள் ஒவ்வொருத்தி காலிலும் மடங்கி மடங்கி விழுந்தாய். அவ்வளவு உயரத்திலிருந்து நீ விழுவதைப் பார்க்கவே தனிக் கூட்டம் சேர்ந்தது. "தீர்க்க சுமங்கலியா இரு தாயி" என்று வாழ்த்திவிட்டு, வெளியே போய், "பாவம், நல்ல மருமவதான். மாசம்தான் தப்பு" என்று பேசிக்கொண்டார்கள்.

போதாக்குறைக்கு மெட்டி. பட்டணத்தில் வந்து இறங்கியதும் கடைத்தெருவில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி இரண்டு கால் விரலிலும் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். கன்னிப்பெண் மெட்டி போடக் கூடாது என்று உன் புத்தகத்தில் இல்லை. காலில் மெட்டியோடு நீ எங்கள் வாசலில் கோலம் பழகிக்கொண்டிருந்தாய். அதற்கு மேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. விடிவதற்கு முன் பெண்கள் கூட்டமாக ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கப் போவோம். நீ டார்ச் லைட்டோடு வந்தாய். பாம்பு இருக்குமாம். பாம்பைத் தேடி நீ வெளிச்சத்தைச் சுழற்ற, புதருக்குப் புதர் அலறல். "அடியே தொரசானி, அணைடீ அத!" அன்றைக்கு ஊரில் பாதிப் பெண்கள் வந்த காரியம் ஆகாமலே திரும்பினார்கள். நீ பேசிய தமிழோ வேறு ரகம். "அம்மா, எனக்கு இன்னும் சிறிது கூழ் அளிக்க இயலுமா?" என்று நீ கேட்டால் அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. "இன்னாடி இது, சாமி வந்த மாதிரி பேசுது?" என்பாள். அம்மாவின் புடவைகள் எல்லாம் உனக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிடும். "கால் தெரியுது, கால் தெரியுது" என்று அவள் பின்னாலேயே வந்து இழுத்து இழுத்து விடுவாள். இழுத்தால் மேலே கழன்றுவிடும். இந்தப் போராட்டம் ஒரு வருடம் நடந்தது.

ஒரு நாள் மாட்டுக் கொட்டகையில் நீ அழுதுகொண்டிருந்தாய். உங்கள் ஊரிலும் உன் அப்பாவுக்கு மாடுகள் உண்டு. எல்லோரையும் உதைக்கிற எங்கள் செவலை உன்னிடம் மட்டும் பேசாமல் நிற்கும். அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "நான் ஏதோ பிழை செய்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். எவரும் காரணம் சொல்வதில்லை. நான் திரும்பிப் போய்விடுகிறேன்."

நீ போனால் என் காலேஜும் போச்சு. ஆலம், மெட்டி, ஆடி மாதம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாய், "உன் அண்ணனுக்கா? எனக்கா?" பிறகு சிரிக்கத் தொடங்கியவள் விக்கல் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், எனக்கு இன்னா கொறச்சலாம்?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க நம் இருவரோடும் பேசவில்லை.

சிரித்து முடிப்பதற்குள் சேதி தடாவுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா, தாய்மாமன், இன்னும் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஏரிக்கரையில் வருவதைப் பார்த்துவிட்டு அம்மா உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். முதலில் மெட்டியைக் கழற்ற வேண்டும். இடது கால் மெட்டி சோப்புக்கு வந்துவிட்டது. வலது கால் மெட்டி சோப்புக்கும் வரவில்லை, விளக்கெண்ணெய்க்கும் வரவில்லை. விரல் வீங்கிப்போய், இழுக்க இழுக்க நீ உன் பாஷையில் கத்தினாய். அதற்குள் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. சம்பந்தி வீட்டில் தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. கொல்லைப்புறம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்குக் காலைல இத கூட்டிக்கினு போய் புரொபசர் ஊட்ல உட்டுடலாம். இந்த பேஜாரு நமக்கு வோணாம். பையன் கல்யாணம் நின்னுடும்மா." அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தாகிவிட்டது. ரயிலில் என் இடம் எது என்றுகூட நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

எனக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கூடத்தில் அவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். நாம் நூறு பதில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆனால் கட்டிக்கொண்டவள் பெண் வீட்டாரிடம் சீர் கேட்க மாட்டாள். கூடப் பிறந்தவள்தான் கேட்பாள். உன் காதில் சொன்னேன், "உள்ள போ. நான்தான் நாத்தனார், எனக்கு இன்னா சீர்னு கேளு." நாத்தனார் என்றால் என்ன என்றாய். "அண்ணன் பொண்டாட்டிய அதட்டறவ" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாய்.

கூடத்தின் நடுவில் போய் நின்றாய். வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மீனுக்குக் காத்திருக்கிற கொக்குபோல ஒற்றைக் காலில் நின்றாய்.

"ஐயா, தங்கள் மகளுக்கு நான் நாத்தனார். எனக்குரிய சீர் யாது?"

தாய்மாமன் குனிந்து உன் காலைப் பார்த்தார். "இந்த அம்மாயிக்கு ஒரு கால்ல மெட்டி கீது, ஒரு கால்ல இல்லயே. இது இன்னா பாதி கல்யாணமா?" என்றார். நீ தடுமாறி, மறைத்த காலைக் கீழே வைத்தாய். வீங்கிச் சிவந்த விரலும், விளக்கெண்ணெயும், சோப்பு நுரையும் எல்லோர் கண்ணிலும் பட்டன. நீ எங்கள் அம்மாவைக் கை காட்டி, "கழற்ற முயன்றோம். வரவில்லை" என்றாய், பரிதாபமாக.

பெண்ணின் அப்பாதான் முதலில் சிரித்தார். தொப்பை குலுங்கிற்று. "ஏம்ப்பா சம்பந்தி, ஒரே ஒரு பொண்ணுன்னுதான சொன்ன? நாத்தனாரு ரெண்டுன்னா டப்பும் ரெண்டு பங்கு ஆவும்ல?" என்று கேட்டுக்கொண்டே செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் நாஷ்டா பண்ணினாள். நைனா புரொபசர் வீட்டைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. அந்த மெட்டியும் கழலவில்லை.

அப்படித்தான் நீ எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாய். உன் வருடம் எனக்கு நிச்சயமாயிற்று. ஆனால் என் படிப்பு மூன்று வருடம். மீதி இரண்டு வருடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உன்னிடம் ஒரே ஒரு தடவை, ரயிலில் போகும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஆவணியில் தடாவில் கல்யாணம் முடிந்து பெண்ணழைத்து வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம், புதுப்பெண் முதல்முதலில் உள்ளே வரும்போது நாத்தனார் வாசலை மறிப்பாள். கேட்டதைத் தருகிறேன் என்று மணமக்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விடுவாள். அந்த நேரத்தில் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. உனக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தேன். பட்டுப் புடவை கேள் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சித்தி இந்த முறை எச்சரிக்கையாக இருந்தாள். தட்டை எடுக்கும் முன்னால் வேன் டிரைவர், மேளக்காரர், நைனா என்று ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் பத்தடி தள்ளி நிற்கச் செய்தாள். நீ வாசலில் கையை விரித்தாய். இந்த நிலைக்காலிலிருந்து அந்த நிலைக்கால் வரை உன் கைகளே போதும், நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

"உள்ள உடமாட்டேன்! சீர் குடு!" என்றாய். புத்தகத் தமிழ் எங்கே போயிற்றோ, சுத்தமான ஆரம்பாக்கம். தெருவே கை தட்டியது.

"இன்னா வோணும் சொல்லு. பொடவதான?" என்றான் அண்ணன்.

கையை இறக்கினாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து, "பட்டு, பட்டு" என்று நான் முணுமுணுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வோணாம்" என்றாய் சத்தமாக. "என் பங்கும் இவளுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ கேளு."

இது நம் ஒத்திகையில் இல்லை. அதுவரைக்கும் நான் நைனாவிடம் எதையும் நேராகக் கேட்டதில்லை. ரிப்பன் வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் போகும். "கேளும்மா, நல்ல நேரம் போவுது" என்று சித்தி தட்டோடு அதட்டினாள். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இவ ஊருக்குப் போனப்பறமும் நான் காலேஜுக்குப் போவணும்" என்றேன். "மூணு வருசமும்."

சிரித்துக்கொண்டிருந்த நைனாவின் முகம் இறுகிவிட்டது. அண்ணன் அவரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். தட்டில் கற்பூரம் எரிந்து தீரப் போகிறது. அப்போது குனிந்த தலையை முதல்முறையாக நிமிர்த்தி அண்ணி சொன்னாள்.

"சரி, குடுத்தேன். போ."

அவள் அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அது. பெண்ணின் அப்பா பின்னாலிருந்து, "சம்பந்தி, ஊட்டுக்கு வந்த லச்சுமி மொதமொதலா ஒரு வார்த்த சொல்லிட்டா. தட்டாத" என்றார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வாசல்ல நிக்க வச்சி வழிப்பறி பண்றாளுங்கோ ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு, "சரி சரி, உள்ள வாங்க" என்றார்.

நீ ஊருக்குப் போன மறுநாள் நான் தனியாக ஸ்டேஷனுக்கு நடந்தேன். நைனா, வேறு ஏதோ ஜோலியாகப் போகிறவர்போலக் கொஞ்சம் பின்னால் வந்தார். வண்டி வந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அந்த வண்டியில் ஏறித்தான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், ரிடையரும் ஆனேன். ஆபீசில் பதவி உயர்வு மறுத்தபோதும், டாக்டர் என் முகம் பார்க்காமல் சீட்டு எழுதியபோதும், காதுக்குப் பக்கத்தில் நீ நின்றுகொண்டு அதே இரண்டு வார்த்தைதான் சொல்வாய். நான் கேட்டுவிடுவேன். எங்கள் தெருவில் என்னை வாயாடி என்கிறார்கள். அந்தப் பழியில் பாதி உன்னுடையது.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். நீ கண்மூடியதை எல்லாம் சொன்ன பிறகு தயங்கிக்கொண்டே ஒன்று கேட்டாள். அம்மாவின் வலது கால் விரலில் ஒரு வெள்ளி வளையம் இருந்தது. அம்மா அதைக் கழற்றவே இல்லை. கேட்டால், கழற்ற முயன்றோம், வரவில்லை என்று சிரிப்பாராம். அது என்ன என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். அண்ணனுக்கு இப்போது கைத்தடி இல்லாமல் முடியாது. பையிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்து வைத்தான். மாம்பழ நிறம், அரக்குக் கரை. "பொறந்த ஊட்டுக் கோடி" என்றான். எங்களில் ஒரு பெண் செத்தால் அவள் உடம்பின் மேல் கடைசிப் புடவையைப் போர்த்துவது அண்ணன் தம்பிகள்தான். அமெரிக்காவில் எல்லாம் முடிந்துவிட்டது, இனி எங்கே போர்த்துவது என்று நான் கேட்டதற்கு, "முடிஞ்சா இன்னா? கூடப் பொறந்தவன் நான் இருக்கறப்ப கோடி இல்லாம அனுப்பிச்சாங்களேன்னு நாளைக்கு அவ கேக்க மாட்டா?" என்றான். அன்று வாசலில் வேண்டாம் என்றாயே, அந்தப் புடவைதான். உன் மகளுக்கு அனுப்புவதற்காக என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அனுப்ப மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அண்ணி மடிப்பைப் பிரித்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இன்னொரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய் நின்றாள். புடவையை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்டி, இது அவ ஒசரத்துக்குப் பத்துமா?"

"பத்தாது அண்ணி" என்றேன். "கால் தெரியும். தெரியட்டும்."